மேசைமேல் மீட்டர் கேஜ்

ரயில் பைத்தியங்களில் பல ரகம் உண்டு. என்ஜின் நம்பர்களை நோட்டில் எழுதிவைப்பவர்கள் ஒரு ரகம். அட்டை டிக்கெட் சேர்ப்பவர்கள், கால அட்டவணையைத் தலைகீழாக ஒப்பிப்பவர்கள், வளைவில் வெயிலில் நின்று படம் பிடிப்பவர்கள் என்று பட்டியல் நீளும். இவர்கள் எல்லோருக்கும் வண்டிதான் தெய்வம். எனக்கு அப்படியில்லை. வண்டி வரும், போகும். அது போன பிறகும் கிடக்கிற தடம்தான் எனக்கு ரயில். அதிலும் ஒரே ஒரு விஷயம்: இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி. கேஜ்.

காரணம் பிழைப்பு. தெற்கு ரயில்வேயில் பி.டபிள்யூ.ஐ., அதாவது ரயில் பாதை இன்ஸ்பெக்டர் வேலை. பயணிகளுக்கு ஸ்டேஷன் மாஸ்டரைத் தெரியும், கார்டைத் தெரியும், டிக்கெட் பரிசோதகரை நன்றாகவே தெரியும். எங்களைத் தெரியாது. ஜல்லி, ஸ்லீப்பர் கட்டை, தண்டவாளம், பாயிண்ட், இவற்றோடு மல்லுக்கட்டும் கேங்மேன், கீமேன், மேஸ்திரி எல்லோரும் எங்கள் பொறுப்பு. டிராலியில் செக்‌ஷன் முழுக்கப் போய், இறங்கி இறங்கி கேஜ் கம்பியை வைத்துப் பார்ப்போம். ஒரு தண்டவாளத்தின் உள்முகத்திலிருந்து எதிர்த் தண்டவாளத்தின் உள்முகம்வரை 1000 மில்லிமீட்டர். விழுப்புரத்திலிருந்து மாயவரம் வழியாகத் தஞ்சாவூர் போகும் பழைய மெயின் லைனில் அதுதான் அளவாக இருந்தது. இப்போது வீட்டு மாடியில், மேசைமேல், அந்தப் பக்கத்து லைன் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இங்கே அளவு 12 மில்லிமீட்டர்.

இந்த இரண்டு அளவுக்கும் நடுவே நல்ல கதை ஒன்று இருக்கிறது. பெரிய ரயில்காரர்கள் கேஜ் விஷயத்தில் ஒன்றரை நூற்றாண்டு அடித்துக்கொண்டார்கள். பொம்மை ரயில்காரர்கள் அதை ஒரு சந்தையில் வைத்து முடித்துவிட்டார்கள்.

ஜெர்மனியின் தெற்கே கோப்பிங்கன் என்றொரு ஊர். அங்கே 1859இல் மெர்க்லின் என்ற தகர வேலைக்காரர் தொடங்கிய பட்டறையில் முதலில் செய்தது ரயில் இல்லை. பெண்குழந்தைகள் விளையாடத் தகரத்தில் சமையல் சாமான். நம் ஊர்ச் சொப்புதான். 1866இல் அவர் இறந்துபோக, மனைவி கரோலின் வியாபாரத்தை விடாமல் நடத்தினார். சொப்பு வியாபாரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த வருஷம் அடுப்பு, அடுத்த வருஷம் அண்டா, அதற்கடுத்த வருஷம் கரண்டி வரிசை என்று ஒரே செட்டை வருஷா வருஷம் பெருக்கிக்கொண்டே போகலாம். வாங்கியவர் மறுபடி அதே கடைக்கு வந்தாக வேண்டும். மகன்கள் தலையெடுத்த பிறகு, 1891இல் லைப்சிக் நகரத்து வசந்தச் சந்தையில், இந்தச் சூட்சுமத்தை ரயிலுக்குப் பொருத்திக் காட்டினார்கள். சாவி கொடுத்தால் ஓடும் என்ஜின், எட்டு வடிவத்தில் தடம். தடத்தை நீட்டலாம், பாயிண்ட் சேர்க்கலாம், ஸ்டேஷன், சிக்னல், குகை என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒன்று வாங்கலாம்.

ஆனால் சொப்புக்கு இல்லாத ஒரு நிபந்தனை ரயிலுக்கு உண்டு. அண்டா கொஞ்சம் பெரிதாகப் போனால் குடி முழுகிவிடாது. அடுத்த வருஷம் வாங்கும் பெட்டியின் சக்கரம் இந்த வருஷத்துத் தண்டவாளத்தில் உட்கார்ந்தே தீரவேண்டும். அதனால் தடங்களின் அகலத்துக்கு நம்பர் போட்டார்கள். 1, 2, 3. பிற்பாடு அதைவிடச் சின்னதாக ஒன்று செய்தபோது கீழே நம்பர் இல்லை. பூஜ்யம் என்று வைத்துவிட்டார்கள். மற்ற பொம்மைக் கம்பெனிகளும் அந்த வரிசையைப் பின்பற்றின. ஒருவன் செய்த பெட்டி இன்னொருவன் தடத்தில் ஓடியது.

அதிலும் என் கண்ணில் படுகிற கோளாறு ஒன்று உண்டு. ஆரம்பத்தில் அவர்கள் அளந்தது தண்டவாளத்தின் நடுவிலிருந்து நடுவுக்கு. பூஜ்ய கேஜ் 35 மி.மீ. என்றார்கள், கேஜ் கம்பி வைக்கிற இடத்தில் வைத்தால் 32. ஒன்றாம் நம்பர் 48 என்றார்கள், உள்ளே 45. சக்கரத்தின் விளிம்பு தொடுவது உள்முகத்தை. நடுவை அளந்து என்ன பயன்? என் மேஸ்திரியாக இருந்திருந்தால் அன்றைக்கே திருத்தியிருப்பார்.

அந்தச் சந்தை நடந்த 1891இல் பெரிய ரயிலின் நிலவரம் என்ன? இங்கிலாந்தில் ஸ்டீவன்சன் போட்ட 4 அடி 8½ அங்குலத் தடம் ஒரு பக்கம், புருனெல் போட்ட 7 அடிச் சொச்சத் தடம் மறுபக்கம். இரண்டும் குளாஸ்டரில் சந்தித்தன. ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றும் கூச்சலையும் நாசத்தையும் பார்த்த பிறகு, 1846இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, புதிதாகப் போடும் பயணிகள் பாதை ஸ்டீவன்சன் அளவில்தான் இருக்கவேண்டும் என்றது. விதிவிலக்குகளோடுதான். புருனெலின் அகலத் தடம் முழுசாக ஒழிய 1892 மே மாதம் ஆயிற்று. ஒரே வார இறுதியில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்கள் இறங்கி, மிச்சமிருந்த தடம் முழுவதையும் உள்ளே தள்ளிவைத்து ஆணி அடித்தார்கள். சட்டம் வந்து 46 வருஷம். பொம்மைக்காரர்கள் அதற்கு ஒரு வருஷம் முந்திக்கொண்டார்கள்.

இங்கே வந்தால் கதை இன்னும் விசேஷம். இந்தியாவுக்கு 6 அடி வேண்டும் என்று டல்ஹௌசி பிரபு கேட்டார். 5 அடி 6 அங்குலத்தில் முடிந்தது. 1853இல் பம்பாய்–தானா, 1856இல் ராயபுரம்–வாலாஜா ரோடு, எல்லாம் அந்த 1676 மி.மீ. தடம். அது பிரமாதமான தடம்; செலவும் பிரமாதம். 1870வாக்கில் மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, ஆள் குறைவான, வருமானம் குறைவான வட்டாரங்களுக்கு மலிவான தடம் ஒன்று வேண்டும் என்று முடிவாயிற்று. பேச்சு 3 அடி 3 அங்குலத்தில் வந்து நின்றது. மேயோவுக்கு இந்தியாவை மெட்ரிக் அளவுக்கு மாற்றிவிட ஆசை. அந்த ஆசையில் 3 அடி 3 அங்குலம் கொஞ்சம் நீண்டு முழு மீட்டர் ஆயிற்று. மெட்ரிக் திட்டம் அப்போது நடக்கவில்லை. இந்தியக் கடைகளுக்கு மீட்டரும் கிலோவும் வர 1956 சட்டம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. துணிக்கடைக்காரர் கெஜக்கோலால் அளந்துகொண்டிருந்த காலம் முழுக்க, ஊர் எல்லையில் கிடந்த தண்டவாளம் மட்டும் மீட்டரில் இருந்தது.

இதில் தஞ்சாவூர்ச் சீமைக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் விட முடியாது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும், திருச்சிக்கு 1862இலும் ரயில் விட்டது. அது அகலப் பாதை. 1874இல் அந்தக் கம்பெனி சவுத் இந்தியன் ரயில்வேயில் கலந்தது. அடுத்த சில வருஷத்தில் அந்தப் பாதையைப் பெயர்த்து மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். பிறகு 1990களில் தொடங்கி 2010க்குள் அதே பாதையை மறுபடி பெயர்த்து அகலப் பாதை ஆக்கினோம். ஆக்கினோம் என்று சொல்வதில் எனக்கும் பங்குண்டு. அகலம், குறுகல், மறுபடி அகலம். ஒரே மண்மேட்டில் மூன்று தடவை கட்டை போட்டிருக்கிறார்கள்.

பொம்மைக்கும் நிஜத்துக்கும் நடுவே கோடு போடத் தெரியாத ஒருவர் குவாலியரில் இருந்தார். மகாராஜா மாதவராவ் சிந்தியா. ஜெய் விலாஸ் அரண்மனையின் விருந்து மேசையில் ஓடும் வெள்ளி ரயிலைப் பலர் பார்த்திருப்பீர்கள். நார்தாம்டன் நகரத்து பாசெட்-லோக் கம்பெனி 1906இல் செய்துகொடுத்தது. மேசைமேல் பதித்த தடத்தில் மின்சாரத்தில் ஓடி, விருந்தாளிகளுக்குப் பிராந்தியும் சுருட்டும் கொண்டுபோகும். கண்ணாடிக் குடுவையை எடுத்தால் வண்டி நிற்கும், திரும்ப வைத்தால் கிளம்பும். அதே மகாராஜா சொந்த உபயோகத்துக்கென்று 2 அடித் தடத்தில் போட்ட ரயில், நாளடைவில் வளர்ந்து குவாலியர்–ஷியோப்பூர் என்று ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு நிஜப் பயணிகளை ஏற்றிக்கொண்டு 2020 வரை ஓடியது. ஆசைக்குப் போட்ட தடத்தில் ஜனங்கள் சந்தைக்குப் போனார்கள்.

சாமானியர் வீட்டுக்குப் பொம்மை ரயில் வந்த வழி வேறு. பாசெட்-லோக் 1900 பாரிஸ் கண்காட்சியில் நியூரம்பர்க் நகரத்து பிங் கம்பெனியின் வேலையைப் பார்த்து அசந்துபோய், இங்கிலீஷ் ரயில்களின் வண்ணத்தில் அவர்களிடமே செய்து வாங்கி விற்றார். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் சரக்கு நின்றது. போர் முடிந்த பிறகும் ஜெர்மன் பொம்மையைக் குழந்தைக்கு வாங்கிக்கொடுக்க அங்கே பலருக்கு மனம் ஒப்பவில்லை. அந்த இடைவெளியில் நுழைந்தவர் லிவர்பூலின் பிராங்க் ஹார்ன்பி. துளை போட்ட பட்டைகளை நட்டும் போல்ட்டும் வைத்துப் பூட்டி விளையாடும் மெக்கானோ செட்டுக்கு 1901இலேயே காப்புரிமை வாங்கியவர். 1920இல் பூஜ்ய கேஜில் சாவி ரயில் கொண்டுவந்தார். முதலில் வந்த என்ஜின்களையும் மெக்கானோ மாதிரி நட்டு கழற்றிப் பிரித்துப் பூட்டலாம்.

அந்த வகையறாவில் ஒன்று என்னிடம் இருக்கிறது. மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985இல் எரிவதற்கு முன்னால் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த அந்த மார்க்கெட்டில், வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன சாமானும் ஆங்கிலோ இந்தியர்கள் ஆஸ்திரேலியா கிளம்பும்போது விற்ற சாமானும் குவிந்துகிடக்கும். பச்சை வண்ணத் தகர என்ஜின், பக்கவாட்டில் சாவித் துளை, சாவி இல்லை. தடம் நாலைந்து துண்டு. தடத்தைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் லிவர்பூல் மெக்கானோ கம்பெனியின் முத்திரை. ஒரு துண்டுக்கு இரண்டே தகரக் கட்டைகள். எங்கள் செக்‌ஷனில் கட்டை இடைவெளி அப்படி இருந்தால் வேலை போய்விடும். பேரம் படிந்தது. சாவியைப் பழைய கடிகார ரிப்பேர்க்காரர் ஒருவர் செய்துகொடுத்தார். அந்த வருஷ நவராத்திரிக்கு வீட்டில் கொலுப் படிக்குக் கீழே மணல் கொட்டி, கடுகு முளைக்கவிட்டுப் பார்க் போட்டபோது, அதைச் சுற்றி இந்த ரயிலை விட்டோம். சுண்டல் வாங்க வந்த குழந்தைகள் சுண்டலை மறந்து உட்கார்ந்துவிட்டன. பார்க்கைச் சுற்றி ரயில் விடுவது தமிழ்நாட்டுக் கொலுவில் பழைய பழக்கம். தஞ்சாவூர்த் தலையாட்டி, செட்டியார் கடை, கல்யாண செட் எல்லாம் அசையாமல் இருக்க, ஓடுவது அது ஒன்றுதான்.

பூஜ்ய கேஜுக்கு நம் வீட்டுக் கூடம் காணாது. ஐரோப்பாவிலும் காணவில்லை. பாதியாகக் குறைக்கிற வேலை தொடங்கியது. பிங் கம்பெனி 1920களில் மேசைமேல் ஓடும் சின்ன ரயில் கொண்டுவந்தது. அந்தக் குடும்பத்து ஸ்டெஃபான் பிங் பிறகு தனியாக டிரிக்ஸ் என்ற கம்பெனியை நடத்தி, 1935 லைப்சிக் சந்தையில் 16.5 மி.மீ. தடத்தில் மின்சார ரயிலைக் காட்டினார். மெர்க்லினும் அதே வருஷம் அதே அளவில் இறங்கியது. பிங் யூதர். நாஜி ஆட்சியில் 1938இல் கம்பெனியைக் கைவிட்டு இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். அவர் ஓட்டிக்காட்டிய அளவு மட்டும் உலகம் முழுக்க நின்றுவிட்டது. இன்று எச்ஓ என்று சொல்கிறோமே, அது. 87 மடங்கு சிறிது. 16.5ஐ 87ஆல் பெருக்கினால் 1435 மி.மீ., ஸ்டீவன்சனின் 4 அடி 8½ அங்குலம் அச்சு பிசகாமல் வரும்.

ஆங்கிலேயர்கள் அங்கேயும் கெடுத்தார்கள். அவர்கள் நாட்டு என்ஜின்கள் ஐரோப்பிய என்ஜின்களைவிடச் சின்ன உருவம். 87இல் ஒரு பங்காகச் செய்தால் அந்தக் காலத்து மோட்டார் உள்ளே நுழையாது. அதனால் உடம்பை மட்டும் 76இல் ஒரு பங்காக ஊதிவிட்டு, தடத்தை 16.5 ஆகவே வைத்துக்கொண்டார்கள். ஹார்ன்பி கம்பெனி 1938இல் விற்கத் தொடங்கிய டப்ளோ ரயிலும் இந்த வகைதான். கணக்குப் போட்டால் அந்தத் தடம் நிஜத்தில் 1257 மி.மீ.தான் வரும், 18 சென்டிமீட்டர் குறுகல். பிரிட்டிஷ் மேசைகளில் ஓடுவது இன்றும் பெரும்பாலும் இந்தத் தடம்தான். இந்திய அகலப் பாதையை மாடலில் போடுகிறவர்கள் பாடு இன்னும் மோசம். 1676ஐ 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். அந்த அளவில் தடம் கடையில் வாங்க முடியாது. டபிள்யூ.டி.எம்.-2 டீசலை எவ்வளவு அழகாகச் செய்தாலும் ஸ்டீவன்சன் தடத்தில்தான் நிறுத்த வேண்டும். முன்னால் நின்று பார்த்தால் கால் ஒடுங்கித் தெரியும்.

மீட்டர் கேஜ்காரனுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1000ஐ 87ஆல் வகுத்தால் 11.5. கடையில் கிடைப்பது 12. காரணம் சுவிட்சர்லாந்து. அங்கே ரேஷியன் ரயில்வே போன்ற மலைப்பாதைகள் மீட்டர் கேஜ். அவற்றை மாடலாக வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காக 12 மி.மீ. ரயில் செய்யும் பெமோ கம்பெனி இருப்பது ஊயிங்கன் என்ற ஊரில். மெர்க்லினின் கோப்பிங்கனுக்குப் பக்கத்து ஊர். இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில் உள்ள பீகோவும் இந்தத் தடம் விற்கிறது. தோட்டத்தில் ஓடவிடும் பெரிய ரகம் வேண்டுமென்றால் 1968இல் நியூரம்பர்க் லெமான் கம்பெனி கொண்டுவந்த எல்ஜிபி உண்டு. பழைய ஒன்றாம் நம்பர் 45 மி.மீ. தடத்தையே எடுத்து, வண்டியை 22.5இல் ஒரு பங்காகச் செய்தார்கள். பெருக்கிப் பாருங்கள், 1012, கிட்டத்தட்ட மீட்டர். நிஜத்திலும் நமக்குச் சுவிட்சர்லாந்தோடு உறவு உண்டு. நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி என்ஜின்களை 1914 முதல் செய்து அனுப்பியது வின்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பல்சக்கரம் கவ்வி ஏறும் ஏற்பாடு ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ்காரருடையது. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955இல் பெட்டி கட்டத் தொடங்கியதும் ஷ்லீரன் என்ற சுவிஸ் ஊர்க் கம்பெனியின் வடிவத்தில்.

பொம்மையைச் சேர்ப்பவனும் நிஜ ரயில் பின்னால் அலைபவனும் ஒரே ஆள்தானா என்று கேட்டால், பெரும்பாலும் ஆமாம். இங்கிலாந்தில் 1942இல் இயன் ஆலன் என்ற இளம் ரயில்வே குமாஸ்தா, என்ஜின்களைப் பற்றி விசாரித்து வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், நம்பர் வாரியாக ஒரு சின்னப் புத்தகம் போட்டார். பையன்கள் அதை வைத்துக்கொண்டு பிளாட்பாரங்களில் குவிந்தார்கள். அந்தத் தலைமுறைதான் பிறகு தடங்களைக் காப்பாற்றவும் கிளம்பியது. வேல்ஸில் டாலிலின் என்ற ஸ்லேட் சுரங்க ரயில், 2 அடி 3 அங்குலம் என்ற அபூர்வ கேஜ், மூடும் நிலைக்கு வந்தபோது எல்.டி.சி. ரோல்ட் என்ற எழுத்தாளர் ஆட்களைத் திரட்டி, 1951இல் தொண்டர்களே ஓட்டும் ரயிலாக்கினார். உலகத்தில் இப்படிக் காப்பாற்றப்பட்ட முதல் ரயில் அது. பக்கத்தில் மூடிப்போன இன்னொரு லைனிலிருந்து அதே கேஜில் ஓடிய என்ஜின் வாங்கிவந்தார்கள். ஓட்டிப் பார்த்தால் சக்கரம் தண்டவாளங்களுக்கு நடுவே விழுந்தது. அளந்து பார்த்தார்கள். காகிதத்தில் 2 அடி 3 அங்குலம். தரையில் அரை அங்குலம் கூடுதல். பழைய என்ஜினின் நீளச் சக்கர அமைப்புக்காக முன்னோர்கள் வேண்டுமென்றே விரித்துப் போட்டிருந்தார்கள். இந்தச் சம்பவத்தைப் படித்தபோது எனக்கு ரோல்டைவிட அந்தப் பெயர் தெரியாத பாதைக்காரர்மீதுதான் மரியாதை வந்தது.

1968 ஆகஸ்டில் பிரிட்டிஷ் ரயில்வேயில் நீராவி முடிந்தது. பாரி துறைமுகத்துப் பழைய இரும்புக் கிடங்கிலிருந்து ரசிகர்கள் இருநூற்றுக்கும் மேற்பட்ட என்ஜின்களைக் காசு கொடுத்து மீட்டார்கள். காசும் லீவும் உள்ளவர்கள், நீராவி இன்னும் ஓடிக்கொண்டிருந்த இந்தியாவுக்கு வந்தார்கள். டில்லி ரயில் அருங்காட்சியகம் 1977இல் திறக்கப்பட்டதற்குப் பின்னால் மைக்கேல் சேட்டோ என்ற ஆங்கிலேய ரயில் ரசிகரின் உழைப்பு உண்டு.

என் செக்‌ஷனிலும் ஒருவர் வந்தார். ஒய்.பி. வகை நீராவி என்ஜின்கள் அப்போது பாசஞ்சர் இழுத்துக்கொண்டிருந்தன. ரயிலைப் படம் எடுக்க அனுமதிக் கடிதம் வேண்டிய காலம். கடிதத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்துவிட்டது. எல்லோரும் செய்வதுபோல் படம் எடுத்தார். புகை அடங்கியதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டேப்பை எடுத்தார். தடத்தில் உட்கார்ந்து கட்டையின் நீளம், அகலம், கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி எல்லாம் அளந்து எழுத ஆரம்பித்தார். மேஸ்திரி என் காதருகே வந்தார். “சார், இஞ்சினை விட்டுட்டுக் கட்டையை அளக்குறாரே, கான்ட்ராக்ட் ஏதும் எடுக்கப் போறாரா?” விசாரித்தேன். ஊரில் மேசைமேல் தென்னிந்திய மீட்டர் கேஜ் போட உத்தேசம் என்றார். எங்கள் கேஜ் கம்பியைக் கொடுத்தேன். தண்டவாளத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அதன் கனத்தைக் கையில் பார்த்தார். ஊருக்குப் போய் எனக்குத் தபாலில் ஒரு ஜாண் நீளத் தடம் அனுப்பினார். 12 மி.மீ. நான் மேசைக்கு வந்த வழி அது.

1992இல் யூனிகேஜ் திட்டம் வந்தது. நாடு முழுக்க ஒரே தடம், 1676. தாம்பரத்திலிருந்து திருச்சி வழி, அப்புறம் எங்கள் மெயின் லைன், ராமேஸ்வரம், செங்கோட்டை, போடி என்று ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். 1931இல் மின்சாரம் பாய்ச்சிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் 2004இல் நின்றது. விழுப்புரம்–மாயவரம் அகலப் பாதையாகி 2010இல் திறந்தது. தமிழ்நாட்டில் இப்போது மீட்டர் கேஜில் வண்டி ஓடுவது நீலகிரியில் மட்டும். அது 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

யூனிகேஜ் தப்பு என்று சொல்ல மாட்டேன். காட்பாடியில் ஒரு தடத்து வண்டியிலிருந்து மூட்டையை இறக்கி மறு தடத்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்தவன் அப்படிச் சொல்லமாட்டான். கும்பகோணத்தில் ஏறியவர் வண்டி மாறாமல் வடக்கே போக முடிகிறதென்றால் அது நல்ல வேலைதான். எனக்கு உறுத்துவது வேறு. மீட்டர் கேஜ் என்ஜின்களைக் கொண்டுபோய் ஸ்டேஷன் வாசல்களில் பெயிண்ட் அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அவை நிற்கும் தடத்துக்கு வேறு பாதையின் தண்டவாளம், சிமெண்டில் பதித்தது. 1800 மி.மீ. மரக்கட்டையும், அதன்மேல் இரும்பு ஆணியும், அறுபது ராத்தல் தண்டவாளமும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று பார்க்க ஒரு மீட்டர் நீளத் தடத்தைக் காட்டும் இடம் தேடித்தான் பார்க்கவேண்டும். கேஜ் கம்பிகளெல்லாம் பழைய இரும்புக் கணக்கில் எடை போட்டுப் போய்விட்டன.

அதனால் நான் போடுவது ஸ்டேஷனும் இல்லை, ஊரும் இல்லை, தடம். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்டு 1986இல் மூடிய கிளை லைனில், பொறையார்ப் பக்கம் ஒரு துண்டு. 1800 மி.மீ. கட்டை 87இல் ஒரு பங்காக ஏறக்குறைய 21 மி.மீ. மரத் தீக்குச்சியின் தலையைக் கிள்ளிவிட்டு இரண்டாக வெட்டினால் இரண்டு கட்டை. சிவகாசிக்காரர்கள் அறியாமல் எனக்கு ஸ்லீப்பர் சப்ளை செய்கிறார்கள். தேயிலைத் தண்ணீரில் இந்தியன் இங்க் இரண்டு சொட்டு விட்டு ஊறவைத்தால் கிரியோசோட் பூசிய பழைய கட்டையின் நிறம் வரும். மரத்தில் ஈயம் பற்றாது. அதனால் ஐந்து கட்டைக்கு ஒன்று செம்பு பூசிய சர்க்யூட் போர்டுக் கீற்று. நடுவில் அரத்தால் ஒரு கீறல், இல்லாவிட்டால் இரண்டு தண்டவாளமும் ஷார்ட் ஆகும். முதல் தண்டவாளத்தைப் பற்றவைத்துவிட்டு, அதன்மேல் மூன்று கால் கேஜை வைப்பேன். பித்தளையில் செய்தது, ஒரு பக்கம் ஒரு கால், மறுபக்கம் இரண்டு. வளைவின் உள்பக்கம் ஒற்றைக் காலை வைத்தால், வளைவு இறுகும் அளவுக்குத் தடம் தானே இம்மி இம்மியாக விரியும். நிஜத் தடத்திலும் கூரிய வளைவில் கேஜைக் கொஞ்சம் விரித்துத்தான் கொடுப்போம். அங்கே கணக்குப் போட்டு விரிப்போம். இங்கே பித்தளை போட்டுக்கொள்கிறது.

12 மி.மீ. என்பதும் சுத்தமில்லை. 87ஆல் பெருக்கினால் 1044. என் செக்‌ஷனில் 44 மி.மீ. விரிந்திருந்தால் சிவப்புக் கொடி நட்டு வண்டியை நிறுத்தியிருப்பேன். மேசையில் விட்டுக்கொடுக்கிறேன், சக்கரங்கள் 12க்குத்தான் கிடைக்கின்றன என்பதால். மெர்க்லினின் மூன்று மி.மீ., டாலிலினின் அரை அங்குலம், டப்ளோவின் 18 சென்டிமீட்டர் எல்லாம் இந்த விட்டுக்கொடுப்பின் வரலாறுதான். கேஜ் என்பது சரியான அளவு அல்ல. எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவு.

இந்தப் பொழுதுபோக்கில் புதிதாக இறங்கும் பிள்ளைகள் என்ன என்ஜின் வாங்கலாம் என்று என்னைக் கேட்கிறார்கள். விலை பத்தாயிரத்தில் தொடங்கி எங்கேயோ போகிறது. நான் சொல்வது ஒன்றுதான். என்ஜினைப் பிறகு வாங்கலாம், முதலில் ஒரு நல்ல எஃகு ஸ்கேல் வாங்குங்கள். எந்த நாட்டு, எந்தக் காலத்து, எந்தத் தடம் என்று முடிவு செய்யுங்கள். அதை 87ஆல் வகுத்து, வருகிற எண்ணுக்குக் கடையில் தடம் கிடைக்கிறதா, கிடைக்காவிட்டால் எவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயார் என்று பாருங்கள். அதற்குப் பிறகு நீங்கள் ஆயுசுக்கும் வாங்கும் ஒவ்வொன்றும் அந்த எண்ணின்மேல்தான் ஓடவேண்டும். மேயோ பிரபு யோசிக்க வேண்டியிருந்ததும் இதையேதான்.